புதர்க்காடு செல்வோரும் மாக்னம் ரிவால்வரும்

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் வீடுகள் நெருங்கிப் பெருகிவிட்டபோதிலும், காடு என்று சொல்லத்தக்க நிலம் அப்பிரதேசத்தில் முற்றும் ஒழிந்துபோகவில்லை. வண்டலூரில் காப்புக் காடும், அதனையொட்டி 1985-ம் வருஷத்தில் திறக்கப்பெற்ற அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் இருக்கின்றன. மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலத்தில் ஏறக்குறைய 320 ஹெக்டேர் புதர்க்காடு எஞ்சி நிற்கிறது. 1937-ல் நகரத்தினின்றும் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி, தன் வளாகத்துப் புதரையும் மரங்களையும் இன்றளவும் காப்பாற்றி வருகிறது. இவையன்றி ஏரிக்கரைகள், கைவிடப்பட்ட கல் குவாரிகள், மனைகளாகப் பிரித்துக் கல் நட்டுப் பல்லாண்டாக வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கும் நிலங்கள் ஆகியவையும் உள. இவ்விடங்களில் அந்திக்குப் பின்னும் விடியுமுன்னும் நடமாட வேண்டியவர்கள் பலர்: தோப்புக் காவலர், மாடு தேடிச் செல்வோர், ஏரி மதகைப் பார்க்கும் நீர்க்கட்டி, தூரத்து மனையைப் பார்வையிடச் செல்லும் சொந்தக்காரர் முதலியோர்.

இவர்களுள் கொஞ்சம் வசதி படைத்தவர்கள், காட்டு வழியில் தற்காப்புக்காக ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொள்வதாயின் எது சிறந்தது என்று விசாரிப்பதுண்டு. ஆங்கிலப் படங்களின் வாயிலாக 'மாக்னம் ரிவால்வர்' என்ற பெயர் எங்கும் பரவியிருப்பதால், விசாரணை பெரும்பாலும் அதில் வந்து நிற்கிறது. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணுமுன் அக்கருவி இன்னதென்றும், எந்தக் காட்டுக்காக உண்டாயிற்றென்றும் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

மாக்னம் என்பது என்ன?

ரிவால்வர் என்பது ஐந்து அல்லது ஆறு தோட்டாக்கள் கொள்ளும் உருளையொன்று சுழன்று, ஒவ்வொரு தோட்டாவையும் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும் கைத்துப்பாக்கி. இம்முறையைச் சீர்ப்படுத்தி அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் என்பவர் 1836-ல் உரிமைப் பட்டயம் பெற்றார். இயந்திர அமைப்பு எளிது. தோட்டா ஒன்று வெடிக்காது போனாலும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துவிடும். நெடுநாள் உறையில் கிடந்தும் சட்டென்று உதவ வேண்டிய கருவிக்கு இது பெரிய குணம். காட்டு உபயோகத்துக்கு ரிவால்வரைப் பலர் விரும்புவதற்குக் காரணமும் இதுவே.

'மாக்னம்' என்பது ஒரு கம்பெனியின் பெயரன்று, துப்பாக்கியின் பெயருமன்று. சாதாரணப் புட்டியைவிட இருமடங்கு கொள்ளும் பெரிய மதுப்புட்டிக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் அது. மருந்து மிகுதியாகக் கெட்டித்த தோட்டாக்களுக்கு அது பின்னர் வழங்கலாயிற்று. 1935-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியாரும் வின்செஸ்டர் கம்பெனியாரும் சேர்ந்து .357 மாக்னம் என்பதை வெளியிட்டனர். குண்டின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 357 பங்கு, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதற்கு முன்பே வழக்கத்திலிருந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டும் இதே விட்டமுடையது. புதியதன் கூடு மட்டும் அரைக்கால் அங்குலம் நீளம். அதிக மருந்து கொண்ட தோட்டாவை யாரும் பழைய பலவீனமான துப்பாக்கியில் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகவே கூடு அவ்வாறு நீட்டப்பட்டது. இதன் பயனாக .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் இட்டுச் சுடலாம்; .38 ரிவால்வரிலோ .357 தோட்டா நுழையாது. பழக்கத்துக்கு மெல்லிய தோட்டா, தேவைக்கு வலிய தோட்டா என்று இரண்டையும் ஒரே கருவியில் வைத்துக்கொள்ளும் இந்தச் சௌகரியம் அந்நாட்டில் .357 ரிவால்வர் மிகுதியாக விற்பனையாவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று.

அதன்பின் 1955-ல் .44 மாக்னம் பிறந்தது. 1971-ல் வெளிவந்த 'டர்ட்டி ஹாரி' என்ற படம் அதனை உலகறியச் செய்தது. 2003-ல் வந்த .500 மாக்னம் ரிவால்வரில் நீண்ட குழல் கொண்டது இரண்டு கிலோ எடைக்குக் குறையாது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடப்பவர் அரைப்படி அரிசி கொள்ளும் இரும்புப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நடப்பவருக்கு ஒப்பாவார்.

வேகத்தையும் எடையையும் கொண்டு குண்டின் சக்தியைக் கணக்கிடுவர். நம் நாட்டில் சாமானியர் உரிமம் பெற்று வைத்துக்கொள்ளும் .32 ரிவால்வரின் குண்டு குழலைவிட்டு வெளிப்படுகையில் ஏறக்குறைய 150 ஜூல் சக்தியுடையது. .357 மாக்னத்துக்கு 700 ஜூல் வரையிலும், .44 மாக்னத்துக்கு 1,000 முதல் 1,300 ஜூல் வரையிலும் வரும். இவ்வளவையும் கேட்டு வியப்பவர், 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டால் .357-ஐப் போல மூன்று நான்கு மடங்கு சக்தி கிடைக்கும் என்பதையும் உடன் அறிய வேண்டும். கைத்துப்பாக்கிகளுக்குள் மாக்னம் வலியதேயன்றித் துப்பாக்கிகளுக்குள் வலியதன்று. தோளில் சார்த்திச் சுடும் நீண்ட துப்பாக்கியைத் தூக்க முடியாத நேரத்துக்காக, மீன் பிடிக்கும்போதும் கூடாரத்தில் உறங்கும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று ஏற்பட்டதே அது.

அலாஸ்கா முதலிய இடங்களில் வசிப்போர் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. குழல் மிகக் குட்டையாயிருப்பின் மருந்து முழுவதும் எரியுமுன் குண்டு வெளியேறிவிடுவதால், அதிக விலை கொடுத்து வாங்கிய சக்தி வீணாகும்; மிக நீண்டிருப்பின் உறையினின்றும் எடுக்கத் தாமதமாகும். ஆகவே நான்கு அங்குலத்தை ஒட்டிய குழலையே பலரும் கொள்ளுகின்றனர். எடை குறைந்தால் சுமக்கச் சுகம், ஆனால் சுடும்போது பின்னுதைப்பு கையை முறுக்கும். முதல் குண்டுக்குப் பின் இரண்டாவதைக் குறிவைக்க நேரமாகும். ஓசை 150 டெசிபலுக்கு மேற்படும். 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடியோசை ஒரே முறையில் செவிக்கு நிரந்தரக் கெடுதி செய்யவல்லது. காதடைப்பான் அணிந்துகொண்டு காட்டில் நடப்பவர் எவருமில்லை. இவையெல்லாவற்றிலும் மேலாக, மாதந்தோறும் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் செலவழித்துப் பழகாதவர் கையில் மாக்னம் குறி தவறும் என்பதை அந்நாட்டு அனுபவசாலிகளே கூறுகின்றனர்.

இவ்வளவும் செய்தும் பயன் என்ன என்பதை அங்கேயே ஆராய்ந்திருக்கின்றனர். அலாஸ்காவில் கரடிகள் எதிர்ப்பட்ட சம்பவங்களைத் தொகுத்த ஸ்மித், ஹெரெரோ முதலிய அறிஞர்கள், துப்பாக்கியை உபயோகித்தவர்களுக்கும் கையில் இருந்தும் உபயோகிக்காதவர்களுக்கும் காயமுற்ற அளவில் வேற்றுமை காணப்படவில்லை என்று 2012-ல் தெரிவித்தனர். அவர்களே 2008-ல் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சியில், மிளகாய்க் காரத்தைப் புகைபோலப் பீச்சும் தெளிப்பான் நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் கரடியின் தாக்குதலை நிறுத்தியதாகக் கண்டனர். நம் வீட்டு அம்மியில் அரைபடும் பொருளே 500 கிலோ எடையுள்ள விலங்கைத் திருப்பியனுப்புகிறது.

நம் புதர்க்காட்டுக்கு எது பகை?

வேட்டை நூல்களைப் படித்தவர்கள் புலியையும் சிறுத்தையையும் நினைத்துக் கைத்துப்பாக்கியை விரும்புவதுண்டு. ஆனால் ருத்திரப்பிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926-ல் வீழ்த்திய ஜிம் கார்பெட்டும், பெங்களூரில் வசித்துச் சேலம், தர்மபுரிக் காடுகளில் வேட்டையாடிய கென்னெத் ஆண்டர்சனும் நம்பியிருந்தவை ரைபிள்களே. ஆண்டர்சன் பெரும்பாலும் .405 வின்செஸ்டர் ரைபிளையே எடுத்துச் சென்றார். கைத்துப்பாக்கியை நம்பி ஆட்கொல்லியைத் தேடிச் செல்பவன் அறிவுடையவனாக அவர்கள் காலத்திலும் கருதப்படவில்லை.

தாம்பரத்துப் பக்கம் அத்தகைய விலங்குகளுமில்லை. புள்ளிமான், முயல், நரி, கீரி, மரநாய், உடும்பு ஆகியவை இப்புதர்களின் குடிகள். செங்கல்பட்டுப் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டம் பற்றி எப்போதாவது பேச்சு எழுவதுண்டு. எழுந்தபோதெல்லாம் அஞ்ச வேண்டியது கன்றுகளையும் நாய்களையும் வளர்ப்போரேயன்றி வழி நடப்போரல்லர். காட்டுப்பன்றி வேறு விஷயம். காயமுற்ற பன்றியும் குட்டியுடனுள்ள பன்றியும் மனிதனைப் பாய்ந்து தாக்கும். எனினும் பன்றியால் நேரும் கஷ்டம் முக்கியமாகப் பயிருக்கே; இரவில் நிலக்கடலைக் கொல்லையைக் கிளறும் கூட்டத்தை ரிவால்வரால் தடுக்க முயல்வது வெட்டுக்கிளிக்குக் கவண் எடுப்பது போலாகும்.

மற்றொன்று, இப்பகுதிப் பாறையின் இயல்பு. பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் ஆகிய குன்றுகள் 'சார்னோக்கைட்' என்னும் கடுங்கல்லால் ஆனவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக்கு இங்கிருந்து கொண்டுபோன கல்லைப் பார்த்து, 1893-ல் ஹாலந்து என்ற புவியியல் அறிஞர் அப்பெயரை இட்டார். உளியையே மழுக்கும் அக்கல்லின்மேல் பட்ட குண்டு எத்திசையில் தெறிக்கும் என்று சொல்லவியலாது. காலடிப் பாம்பைச் சுட்டவன் தன் முழங்காலையோ, வேலிக்கு அப்பால் ஆடு மேய்க்கும் சிறுவனையோ சுட்டவனாகலாம். குன்றுகளுக்கு இடையே வீடில்லாத திக்கு இப்போது எங்கும் இல்லை. (காட்டுக்கு ஏற்ற கருவியைத் தேடுவது இம்மண்ணுக்குப் புதிதல்ல. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழியில் கண்டெடுத்த பழைய கற்காலக் கைக்கோடரியே இந்தியாவின் ஆதி மனிதனைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று.)

ஆகவே எஞ்சி நிற்கும் மெய்யான பகை பாம்பு ஒன்றே. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர், மாண்டதாக ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கிராமவாசிகள். புலி, சிறுத்தை, யானை, கரடி ஆகிய அனைத்தும் சேர்ந்து கொல்வோரின் தொகை இதற்கு அருகில்கூட வராது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே இவ்வுயிர்ச் சேதத்துக்குப் பெரும்பாலும் காரணம். நான்கும் செங்கல்பட்டு ஜில்லாவில் உள்ளவை.

அமெரிக்காவில் பாம்புக்கென்றே சிறு ரவை நிரப்பிய ரிவால்வர்த் தோட்டா விற்கிறார்கள். அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டி எச்சரிப்பதால் அதைப் பார்த்துச் சுட அவகாசமுண்டு. நம்மிடத்திலும் கண்ணாடி விரியன் துருத்திபோலச் சீறும். சுருட்டை தன் செதில்களை உரசி அரம் தேய்ப்பது போன்ற ஒலி எழுப்பும். ஆனால் இருளில் அவற்றை மிதித்த பிறகே அநேகர் அவ்வொலியைக் கேட்கின்றனர். கட்டுவிரியனோ ஓசையே செய்யாது. பாயில் உறங்குபவனைக் கடித்துச் செல்லும். கடிவாய் பலமுறை வலிப்பதுமில்லை. மிதிக்கும் கணத்துக்கும் கடிபடும் கணத்துக்கும் இடையே எந்த ரிவால்வரும் உறையினின்றும் வெளிவராது.

சட்டம் கூறுவது

இருப்பினும் வாங்கியே தீருவது என்று எண்ணுவோர் சட்டத்தையும் அறிய வேண்டும். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை நீக்கி 1959-ல் இயற்றப்பட்ட சட்டமும், அதன் கீழ் 2016-ல் வகுக்கப்பட்ட விதிகளும் இப்போது அமலில் இருக்கின்றன. 21 வயது நிரம்பியவராய், குற்றத் தண்டனை பெறாதவராய், காரணம் காட்டி மனுச் செய்ய வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றும் தேவை. மனுவைப் பெறும் அதிகாரி கிராமப் பகுதியில் ஜில்லா கலெக்டர். கமிஷனர் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் போலீஸ் கமிஷனர். தாம்பரத்துக்கென்று 2022 தொடக்கத்திலிருந்து தனிக் கமிஷனர் அலுவலகம் ஏற்பட்டிருப்பது நினைவிலிருக்கட்டும். 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. முன்பு மூன்று அனுமதிக்கப்பட்டிருந்தது. தேர்தல் வருங்காலங்களில் அதிகாரிகள் கேட்டால் ஆயுதத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும்.

எந்த ரகமும் கிடைத்துவிடும் என்றும் கருதலாகாது. படையினருக்கும் போலீசாருக்கும் உரிய தோட்டாவை ஏற்றிச் சுடவல்ல .455, 9 மில்லிமீட்டர் முதலிய கைத்துப்பாக்கிகள் தடையுற்ற ரகத்தைச் சேர்ந்தவை. அயல்நாட்டினின்றும் தனி மனிதர் வரவழைப்பது, பெயர்பெற்ற துப்பாக்கிப் போட்டி வீரர் போன்றோர்க்கன்றிப் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. ஆதலின் முன்னர் வந்திறங்கிய மாக்னம் ரிவால்வர்கள் கைமாறும்போது கேட்கும் விலை, ஒரு நல்ல கறவைப் பண்ணைக்கு முதல் போடத் தக்கதாயிருக்கும். காண்பூரில் சர்க்கார் தொழிற்சாலைகள் செய்து விற்பவை .32 ரகம். அரைக் கிலோ எடையில் 'நிர்பீக்' என்பது 2014-லும், சற்று நீண்ட குழலுடன் 'பிரபல்' என்பது 2023-லும் வெளிவந்தன. இவை மனிதனிடமிருந்து மனிதன் தற்காத்துக்கொள்ள ஏற்பட்டவை. பன்றியை .32-ஆல் சுட்டால் அதன் கோபம் ஓங்குமேயன்றி உயிர் நீங்குவது நிச்சயமில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று சட்டம் தனியே குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியையே. ரிவால்வருக்கு அந்தச் சலுகை கிடையாது.

உரிமம் இருப்பதனாலேயே ஆயுதத்துடன் காட்டில் நுழையும் உரிமை வந்துவிடாது என்பது பலரும் மறந்துவிடும் விஷயம். 1882-ம் வருஷத்து வனச் சட்டத்தின்படி காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழைவதும் வேட்டையாடுவதும் குற்றம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிண்டி தேசியப் பூங்கா, வேடந்தாங்கல் சரணாலயம் போன்ற இடங்களுக்குள் ஆயுதத்துடன் செல்லத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். உயிருக்கு ஆபத்து நேர்ந்த கணத்தில் நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றவனை அச்சட்டம் தண்டிப்பதில்லை. எனினும் சட்டவிரோதமான காரியம் செய்துகொண்டிருந்தவனுக்கு அந்தப் பாதுகாப்பில்லை. கொல்லப்பட்ட விலங்கும் சர்க்காருக்கே சொந்தம். அனுமதியின்றி நுழைந்து, ரிவால்வரும் கையுமாய்ப் பிடிபட்டவன் "பன்றி பாய்ந்தது" என்று சொல்வதை எந்த மாஜிஸ்டிரேட்டும் எளிதில் ஏற்கமாட்டார்.

பன்றித் தொல்லைக்குத் தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாடு அறிவித்தனர். காப்புக் காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடுவதற்கில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கப்பால் வனத்துறையினரே சுடுவது. குடியானவர் செய்ய வேண்டியது கிராம அதிகாரியிடமும் வனத்துறையிடமும் மனுக் கொடுப்பதே. அவுட்டுக்காய் வைப்பதும், மின்கம்பியை வேலியில் இணைப்பதும் சட்டவிரோதமானவை மட்டுமல்ல. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் அண்டை நிலத்துக்காரரின் உயிரையே அவை முதலில் வாங்கும்.

காட்டை அறிந்தவர்கள் கொண்டு செல்வது

இப்பகுதிப் புதரை மற்றெவரினும் நன்கறிந்தவர்கள் இருளர்கள். வரப்பு, புற்று, தாழம்புதர் எதுவாயினும் அவர்கள் கால் படாத இடமில்லை. பாம்புத்தோல் வியாபாரம் தடுக்கப்பட்ட பின்னர், ராமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அது நடைபெற்று வருகிறது. மேற்சொன்ன நால்வகைப் பாம்புகளையும் அங்கத்தினர் உயிருடன் பிடித்துவந்து, விஷம் எடுத்தபின் திரும்பவும் காட்டில் விட்டுவிடுகின்றனர். நாட்டில் விஷமுறிவு மருந்து செய்வதற்குரிய விஷத்தில் பெரும்பகுதி இச்சங்கத்தினின்றே நெடுங்காலமாகச் செல்கிறது. நாட்டிலேயே மிக அபாயகரமான இத்தொழிலுக்கு அவர்கள் கொண்டு செல்லும் கருவிகள் ஒரு சிறு கடப்பாரை, ஒரு கோல், ஒரு துணிப்பை ஆகியவை. தடத்தையும் உரித்த சட்டையையும் எச்சத்தையும் பார்த்து, எந்த வளையில் எது இருக்கிறது என்று சொல்லும் கண்ணும் உண்டு.

மாக்னம் ரிவால்வர் பிறந்த நாட்டிலேயே இவர்களது முறை சோதனைக்கு வந்தது. ஃபுளோரிடாச் சதுப்புக் காடுகளில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்றொழித்துவந்தன. அவற்றைக் குறைக்க 2016-ல் ஒரு மாத காலம் நடத்திய போட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டும் 106 பாம்புகளே அகப்பட்டன. 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் அங்கு அழைக்கப்பட்டனர். சாலையோரமாக வண்டியில் சென்று பார்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. இரும்புக் கம்பியால் புதரை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தனர். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளை வெளிக்கொணர்ந்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. 2023-ல் இவ்விருவருக்கும் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருது வழங்கினர்.

ஆதலால் தாம்பரத்துப் புதர் வழியே போகிறவர் ரிவால்வருக்காகச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவழித்து நல்ல டார்ச் விளக்கு ஒன்றையும், கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸையும் வாங்குவது போதும். கைப்பேசியின் விளக்கு காலடிக்கு மட்டும் வெளிச்சம் தரும். பத்தடி முன்னே காட்டும் டார்ச் வேண்டும். ஆளுயரக் கோல் ஒன்று இருப்பின் புல்லைத் தட்டிக்கொண்டே நடக்கலாம். பாம்புக்குக் காற்றில் வரும் பேச்சொலி நன்றாய் எட்டாது, தரையின் அதிர்வு உடனே எட்டும், வழிவிட்டு விலகும். கல்லையும் கட்டையையும் பெயர்க்கும்போது கையை அடியில் நுழைக்காமல் கோலால் புரட்டுவது வழக்கமாக வேண்டும். காவல் கொட்டகையில் படுப்போர் தரையை விட்டுக் கட்டிலில், கொசுவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் செருகிக்கொண்டு படுத்தால் கட்டுவிரியன் பயம் பெரிதும் நீங்கும். இது கொசுவுக்காகச் செய்யும் காரியமே. இரட்டைப் பயன் தருகிறது.

புறநகரில் மற்றொரு தொல்லை தெரு நாய். கூட்டமாய் வரும் நாயைக் கண்டு ஓடாமல் நின்று, கோலைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். ஜனங்கள் குடியிருக்கும் தெருவில் நாயைச் சுடுவது குற்றம் என்பதோடு, சுட்டவனின் உரிமமும் போகும். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்குதல் வேண்டும். தாமதித்தால் அந்நோய்க்குப் பின்னர் மருந்தில்லை.

பாம்பு கடித்தால்

கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடலாகாது. மோதிரம், கொலுசு, காப்பு, இறுகிய பூட்ஸ் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட்டு, கடிபட்ட அங்கத்தை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் பலகையோ கோலோ வைத்து அசையாமல் துணியால் தளரக் கட்டுக. கயிற்றால் இறுக்குவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கெடுதியே செய்யும். கயிறு இறுக்கிய கால் அழுகிப்போனதுண்டு. பாம்பைத் தேடிக் கொல்லப்போய் இரண்டாம் ஆளும் கடிபடுவது அடிக்கடி நேர்வது. நால்வகைப் பாம்புக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் கொடுக்கப்படுவதால், பாம்பைக் கொண்டுசெல்ல வேண்டிய அவசியமே இல்லை. மந்திரம், பச்சிலை என்று கழியும் ஒரு மணி நேரம் சிறுநீரகத்தையோ மூச்சையோ விலையாகக் கேட்கும்.

108-க்குச் சொன்னால் வண்டி வரும்; வண்டிக்குக் காத்திருக்க வேண்டிய தொலைவாயின் இருசக்கர வண்டியில் நோயாளியை இருவருக்கு நடுவே உட்காரவைத்தும் கொண்டுசெல்லலாம். தாம்பரத்தைச் சுற்றியுள்ளோர்க்குக் குரோம்பேட்டை சர்க்கார் ஆஸ்பத்திரியும், தெற்கே உள்ளோர்க்குச் செங்கல்பட்டு சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் அண்மையில் உள்ளன. அங்கே நோயாளியின் இரத்தத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பர். உறையாவிடில் விரியன் விஷம் ஏறியிருக்கிறதென்று பொருள். கட்டுவிரியன் கடித்தவருக்குத் தொடக்கத்தில் எவ்விதக் குறியும் தென்படாதிருக்கலாம்; இமை சரிந்து, பேச்சுக் குழறுவது சில மணி நேரம் கழித்தே வரும். ஆகவே ஒன்றுமில்லை என்று வீடு திரும்ப அவசரப்படாமல் ஒருநாள் முழுதும் வைத்தியர் பார்வையில் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, சர்க்காருக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்துகொண்டாலும் அந்தத் தகவல் சுகாதாரத் துறைக்குச் சென்று சேர்ந்துவிட்டதா என்று கேட்டறிவது நல்லது. எந்த ஊரில் எத்தனை பேர் கடிபட்டனர் என்ற கணக்கைக் கொண்டே எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை குப்பி மருந்து அனுப்புவது என்பது தீர்மானிக்கப்படும்.